மந்திரவாதியிடம் படித்த பிள்ளை

ஆதரவற்ற ஏழைப் பையன் ஒருவன், பெயர் பவுலோஸ். ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார் அவனை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, குருப்பட்டத்துக்கான முதல் படியில் ஏற்றிவிடுகிறார். ஒருநாள் மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பவில்லை. தேடிக்கொண்டு மலைக்காட்டுக்குள் நுழைந்தவன் அங்கே வாழும் கூட்டத்தாரிடம் அகப்பட்டுக்கொள்கிறான். அவர்களின் தலைவன் பெரிய மாந்திரீகன். பிடிபட்ட பையன் மேல் அவனுக்கு இரக்கம் பிறக்கிறது. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தன் வித்தைகளையெல்லாம் கற்றுக்கொடுக்கிறான். கற்றுத் தேர்ந்த பவுலோஸ் ஒருநாள் தப்பி ஓடிவந்து, தான் வளர்ந்த அதே கோயிலுக்குத் திரும்புகிறான்.

கேரளத்தில் இந்தக் கதையை அறியாதவர் குறைவு. பையன் வளர்ந்து கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் ஆகிறான். கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியை அடக்குகிறான். கொட்டாரத்தில் சங்குண்ணி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த ‘ஐதீகமாலை’யில் இந்தக் கதை இடம்பெற்றது. 2004இல் தொலைக்காட்சித் தொடராக வந்து, எல்லைக்கு இந்தப் பக்கமும் பிள்ளைகளை மிரட்டியது. கடமற்றம் இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை ஒட்டி. அந்தச் சாலைதான் மூணாறு ஏறி, போடிமெட்டு இறங்கி, தேனிக்கு வருகிறது.

தேனியிலிருந்து தெற்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போனால், உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தில் ராயப்பன்பட்டி இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர். பனிமய அன்னை ஆலயமும் மிஷன் பள்ளிகளும் ஊரின் அடையாளங்கள். சுற்றிலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். மலையை ஒட்டிச் சண்முகாநதி அணை. கொஞ்ச தூரத்தில் சுருளி மலை. அங்குள்ள குகைகளில் சித்தர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் ஏராளம். தேவாலயம், பள்ளிக்கூடம், சித்தர் மலை, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மாந்திரீகக் கதை ஆகிய நான்கும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மந்திரம் கற்கும் சிறுவர்களைப் பற்றிய நாவல் வரிசை ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அமைவது அரிது. ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளை அப்படியொரு நாவலைப் படிக்க விரும்பினால், அதன் நாயகன் லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில்தான் ரயில் ஏறுகிறான்.

மந்திரம் கற்கிற பிள்ளை நம் வாய்மொழி மரபில் நெடுங்காலமாக இருந்தான். அச்சுக்கு வந்த சிறுவர் கதைகள் மந்திரவாதியை எடுத்துக்கொண்டன, மாணவனை வழியிலேயே விட்டுவிட்டன. அவனை மறுபடி நடுவில் நிறுத்தியதுதான் இந்த வகை வரிசைகளின் முதல் நாவல்கள் செய்த பெரிய வேலை.

சீடர்களின் மரபு

பழனியில் போகரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புலிப்பாணியின் பெயரும் கூடவே வரும். புலி மேல் ஏறிப் போய்க் குருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்பது அவரைப் பற்றிய ஐதீகம். குரு இரசவாதமும் மருத்துவமும் அறிந்த சித்தர். சீடர் அந்தக் கலைகளைக் குருவின் பக்கத்தில் இருந்து, ஏவல் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றவர். வித்தை ஒரே நாளில் வருவதில்லை, அதற்கு முன்னால் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது அந்தக் கதையின் அடிப்படை.

திருமூலர் கதையில் மந்திரம் வேறு வழியில் வருகிறது. மாடு மேய்த்த மூலன் இறந்துகிடக்கிறான். பசுக்கள் கண்ணீர் விடுகின்றன. அந்த வழியே வந்த சித்தர் தன் உடலை விட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து மாடுகளை ஊர் சேர்க்கிறார். கூடுவிட்டுக் கூடு பாயும் இந்த வித்தை விக்கிரமாதித்தன் கதைகளிலும் முக்கியமான திருப்பங்களுக்குக் காரணமாகிறது.

உலக நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்திய ஆய்வாளர்கள் ‘மந்திரவாதியும் அவன் மாணவனும்’ என்ற கதைக்கு 325 என்ற எண் கொடுத்திருக்கிறார்கள். ஃபின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910இல் தொடங்கிய பட்டியல் அது. அமெரிக்கரான ஸ்டித் தாம்ப்சனும் ஜெர்மானியரான ஹான்ஸ்-யோர்க் ஊதரும் பிறகு அதை விரித்தார்கள். இந்த வகையின் எலும்புக்கூடு எளிமையானது. பெற்றோர் பிள்ளையை ஒரு மந்திரவாதியிடம் விடுகிறார்கள். பிள்ளை குரு சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. தப்பி ஓடும்போது இருவரும் மீனாகவும் பறவையாகவும் தானியமாகவும் உருமாறிப் போரிடுகிறார்கள். ஐரோப்பா தொடங்கி இந்தியா, மங்கோலியா வரை இது சொல்லப்பட்டிருக்கிறது. பவுலோஸின் கதை இதன் நெருங்கிய உறவு. மாட்டைத் தேடி மலையேறும் பையன், அச்சம் தரும் ஆசான், திருட்டுத்தனமான தப்பித்தல் என்று மூன்றும் அதில் இருக்கின்றன.

திரையும் மாத இதழும்

1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய ‘சந்தமாமா’ தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. தமிழில் அதற்கு ‘அம்புலிமாமா’ என்று பெயர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு மந்திரக் கதை என்றால் பல தலைமுறைகளாக இந்த இதழ்தான். தாசரி சுப்ரமணியம் தெலுங்கில் எழுதிய தொடர்கதைகள் மொழிபெயர்ந்து மாதம் ஒரு பகுதியாக வந்தன. எழுதியவரின் பெயர்கூட இதழில் இருக்காது. ஆனால் பாதாளக் கோட்டைகளும் பேசும் மண்டையோடுகளும் ஒற்றைக்கண் அரக்கர்களும் வாசகர் நினைவில் நின்றன. அந்த உலகத்துக்கு உருவம் தந்தவர் ஓவியர் சித்ரா. தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனின் புகழ்பெற்ற படம் ஓவியர் சங்கருடையது. ஈரோட்டுப் பக்கம் பிறந்த அவர் 2020இல் மறைந்தார்.

இதே நாகிரெட்டி–சக்ரபாணி இணைதான் விஜயா நிறுவனத்தின் வழியாக 1951இல் ‘பாதாள பைரவி’யைத் தயாரித்தது. எஸ்.வி. ரங்காராவ் நடித்த நேபாள மந்திரவாதி தென்னிந்தியா முழுவதற்கும் மந்திரவாதியின் முகத்தை நிர்ணயித்துவிட்டார். அவருக்கு வேண்டியது பலி கொடுக்க ஒரு துணிச்சலான வாலிபன். வேதாளக் கதையின் சட்டகத்திலும் இதுவே நடக்கிறது: சன்னியாசி விக்கிரமாதித்தனை வேதாளத்தைக் கொண்டுவரச் சொல்வது அவனையே பலியிட. இரண்டிலும் இளைஞன் கடைசி நொடியில் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டு மந்திரவாதியை வெட்டுகிறான்.

‘பாதாள பைரவி’யில் அந்த மந்திரவாதிக்கு ஒரு சீடனும் உண்டு, பெயர் சதாஜபன். நடிகர் பத்மநாபம் செய்த வேடம். ஆனால் அவன் நகைச்சுவைக்காக வருகிறவன். குருவிடம் வித்தை கற்கிற பிள்ளையின் ஆசை என்ன, பயம் என்ன, அவன் எந்த இடத்தில் குருவை மீறுவான் என்ற கேள்விகளுக்குப் படத்தில் இடமில்லை. மந்திரவாதி வில்லன், இளைஞன் வீரன், சீடன் கோமாளி. இந்த மூன்று கட்டங்களுக்குள் பிறகு வந்த மாயாஜாலக் கதைகள் பலவும் அடங்கிவிட்டன.

இந்தக் கட்டங்களை நெகிழ்த்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் வாண்டுமாமா. 1925இல் புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி இந்தப் பெயரில் அரை நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகளுக்காக எழுதினார், 2014இல் காலமானார். கோகுலத்திலும் பூந்தளிரிலும் அவர் கை படாத பக்கம் குறைவு. ‘பலே பாலு’, ‘சமத்து சாரு’, ‘காட்டுச் சிறுவன் கந்தன்’ என்று தலைப்பிலேயே பிள்ளையை நாயகனாக்கியவர். ‘ஓநாய்க்கோட்டை’ போன்ற படக்கதைகள் மாயத்தையும் சாகசத்தையும் கலந்தன. பிள்ளைக்கு மையத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பிள்ளை மந்திரத்தை எதிர்கொள்கிறது, அதிலிருந்து தப்புகிறது, அதை வெல்கிறது. மந்திரம் ஒரு படிப்பாக, பரீட்சை உள்ள பாடமாக அதன் முன் வைக்கப்படவில்லை.

மூன்று முதல் நாவல்கள்

மேற்கில் மந்திரத்தைப் படிப்பாக்கிய அந்தத் திருப்பத்தைச் செய்தவர்களில் முன்னோடி உர்சுலா லெ குவின். 1968இல் வந்த அவருடைய ‘எர்த்சீயின் மந்திரவாதி’யின் நாயகன் கெட், ஆடு மேய்க்கும் பையன். திருமூலர் புகுந்த மூலனையும் பவுலோஸையும் போல அவனுக்கும் மந்திரத்தின் வழி மேய்ச்சலில்தான் திறக்கிறது. பிறகு ரோக் என்ற தீவில் மந்திரவாதிகளுக்கான பள்ளியில் சேர்கிறான். அங்கே சக மாணவனிடம் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற வீம்பில், செத்தவர்களின் உலகத்திலிருந்து ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அவனைக் காப்பாற்றும் முயற்சியில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். மீதி நாவல் முழுக்க கெட் தன் பிழையைத் துரத்திப் போகும் கதை. வில்லன் வெளியிலிருந்து வரவில்லை. அரைகுறைப் படிப்பிலிருந்து வந்தான்.

டயான் டுவேன் 1983இல் எழுதிய ‘மந்திரவாதி ஆக உனக்கு விருப்பமா?’ என்ற பொருள் தரும் தலைப்புள்ள நாவல், இளம் மந்திரவாதிகள் என்ற நீண்ட வரிசையின் முதல் புத்தகம். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வாழும் நீட்டா என்ற 13 வயதுச் சிறுமி, தன்னை அடிக்க வரும் பிள்ளைகளுக்குப் பயந்து பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒளிகிறாள். வெவ்வேறு தொழில்களுக்கு வழிகாட்டும் புத்தக வரிசையில், மந்திரவாதி ஆவதற்கும் ஒரு கையேடு இருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய், அதிலுள்ள உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்கிறாள். அந்த நொடியில் அவள் பயிற்சிக்காரி ஆகிறாள். உயிருள்ளவற்றோடு பேசுவது அவளுடைய கொடை. அவளுடைய தோழன் கிட்டுக்கு இயந்திரங்களோடு பேச வரும். உயிரைக் காப்பதும் பிரபஞ்சத்தின் ஆற்றல் வீணாவதைத் தாமதப்படுத்துவதும் இந்த மந்திரவாதிகளின் கடமை. ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும். இந்தக் கதையில் பள்ளி கிடையாது. நூலகம்தான் பள்ளி.

ஜே.கே. ரௌலிங்கின் முதல் நாவல் 1997 ஜூன் 26 அன்று லண்டனில் ப்ளூம்ஸ்பரி வெளியீடாக வந்தது. பல பதிப்பகங்கள் மறுத்த கையெழுத்துப் பிரதி. பதிப்பகத் தலைவரின் 8 வயது மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதியைக் கேட்டது அது அச்சேற உதவியது. முதல் அச்சில் கெட்டி அட்டைப் பிரதிகள் 500தான். அவற்றில் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. தமிழில் மஞ்சுள் பதிப்பகம் பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்று வெளியிட்டது. செம்பைப் பொன்னாக்கும் சித்தர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த மண்ணில் அந்தக் கல்லுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

இந்த நாவலின் கட்டுமானத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். 17 அத்தியாயங்கள், முதன்மைக் கதைக்கு ஒரு கல்வியாண்டு. மாயப் பள்ளிக்குள் நுழைவதற்கு முன் வாசகர் கையில் கிடைப்பது சீருடை, பாடப்புத்தகம், கொப்பரை என்று வரிசையிட்ட ஒரு சாமான் பட்டியல். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தெரிந்த ஜூன் மாத அவசரம் அது. ரசவாதக் கல்லைக் காக்கும் தடைகளை ஆசிரியர்களே தத்தம் பாடத்தை வைத்து அமைத்திருக்கிறார்கள். ஆகவே தாவரவியல் வகுப்பில் கவனித்தது ஒரு தடையிலும், பறக்கப் பழகியது இன்னொன்றிலும், தர்க்க அறிவு மற்றொன்றிலும் கைகொடுக்கிறது. உச்சக்கட்டமே ஒரு முழுஆண்டுத் தேர்வு. அந்தத் தேர்வை ஒரு பிள்ளை தனியாக எழுதுவதில்லை. நாயகன் ஹாரியும் அவனுடைய இரு நண்பர்களும் பங்குபோட்டு எழுதுகிறார்கள்.

வரிசையின் முதல் புத்தகம் என்பதால் இன்னொரு பொறுப்பும் உண்டு. ஒரு கதையை முடிக்க வேண்டும், பெரிய கதையை முடிக்காமல் விட வேண்டும். கல் அழிக்கப்படுகிறது, பகைவன் தப்பிவிடுகிறான். தன்னை ஏன் அவன் கைக்குழந்தையிலேயே கொல்ல வந்தான் என்று ஹாரி கேட்கும்போது, அதைக் கேட்கும் வயது உனக்கு வரட்டும் என்ற வகையில் தலைமையாசிரியர் பதிலை ஒத்திவைக்கிறார். அந்த ஒரு மறுப்பு ஐந்தாம் புத்தகம் வரை வரிசையைத் தாங்குகிறது. புத்தகத்துக்குப் புத்தகம் நாயகனுக்கு ஒரு வயது கூடுவதால், வாசிக்கும் பிள்ளையும் அவனோடு சேர்ந்து வளர்கிறது.

போர்டிங் பள்ளியின் பக்கம்

ஆங்கில விடுதிப் பள்ளிக் கதைக்கு 1857இல் வந்த ‘டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ முதல் எனிட் பிளைட்டன் வரை நீண்ட மரபு இருக்கிறது. ரௌலிங் அதற்குள் மந்திரத்தை வைத்தார். அந்த வாழ்க்கை தென்தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. மிஷன் பள்ளிகளின் விடுதியை இங்கே ‘போர்டிங்’ என்றே சொல்வார்கள். டிரங்குப் பெட்டி, வார்டன், மணியடித்தால் படிப்பு, மணியடித்தால் சாப்பாடு, ஞாயிறு பூசை, பார்க்க வரும் அம்மா கொண்டுவரும் பலகாரம் என்று தலைமுறைகளின் நினைவு அதில் குவிந்திருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தனிமையும் பொறுப்பும் சின்ன வயதிலேயே தெரியும். சிறுவர் மாய நாவலுக்கு வேண்டிய முதல் பாதி, அதாவது மாயம் தொடாத அன்றாடம், இங்கே தயாராக இருக்கிறது. டுவேன் தன் நாவலில் மன்ஹாட்டனின் கார்களையும் ஹெலிகாப்டர்களையும் உயிர்பெறச் செய்தபோது எடுத்துக்கொண்டதும் தான் அறிந்த ஊரைத்தான்.

இன்றைய தமிழ்ச் சிறார் இலக்கியமும் வெறுங்கையோடு இல்லை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் பேசும் மரப்பாச்சி, பாலியல் சீண்டலுக்கு ஆளான சிறுமிக்குத் துணையாக நிற்கிறது. 2020இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றது. 2023இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இன்றைய சிறுவன் ஒருவனைக் கீழடியின் பழங்காலத்துக்குக் கூட்டிப்போகிறது. ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ வேதாளத்தின் பழைய சட்டகத்தை அறிவியலுக்குத் திருப்பி 2014இல் இந்த விருதை வென்றது. மாயம் இந்த நூல்களில் பிள்ளைக்குத் தோழமை ஆகியிருக்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் ஒரே பிள்ளை பல ஆண்டுகள், பல புத்தகங்கள் வழியாக ஒரு வித்தையைக் கற்று, பிழை செய்து, விலை கொடுத்து வளர்கிற நீண்ட வரிசை தமிழில் வேரூன்றவில்லை.

காரணம் கற்பனை வறட்சி என்று சொல்ல முடியாது. சிறுவர் நூல்கள் பெரும்பாலும் மெலிந்த, தனித்த புத்தகங்களாகவே வருகின்றன. அடுத்த பாகத்தை நம்பி முதலீடு செய்யும் துணிவு சிறிய பதிப்பகங்களுக்கு இல்லை. மாதத் தொடர் வெளியிட்டு வாசகரைக் காக்கவைத்த இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தமிழில் சிறார் நூலின் விதியைப் பெரிதும் தீர்மானிப்பது பொது நூலகத் துறையின் கொள்முதல். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குப் பின்னால் இருந்தார். சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியில் சிற்றூர்கள் வரை நூலகங்கள் பரவின. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே விரிவான பகுதி இருக்கிறது. ஆனால் ராயப்பன்பட்டிப் பிள்ளைக்கு அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். நீட்டா ஓடி ஒளிந்தது நடந்து போகும் தூரத்தில் இருந்த நூலகத்தில்.

புதிய வழி ஒன்றும் திறந்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் அரசுப் பள்ளி வகுப்பறைக்கே போகின்றன. அம்புலிமாமா காலத்தில் இதழ் வாங்க முடிந்த வீடுகளுக்கும் நூலகத்துக்கும் மட்டும் எட்டிய தொடர்கதை, அந்த வழியே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவர் கைக்கும் போகலாம். அரசு உதவிபெறும் மிஷன் பள்ளிகளுக்கும் அதை நீட்டித்தால் இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னும் நல்லது.

எழுத வருகிறவர் பழைய கதைகளிலிருந்து எதை எடுக்கிறார் என்பதிலும் கவனம் வேண்டும். பவுலோஸைப் பிடித்த காட்டுவாசிகளை ஐதீகம் மனிதரைத் தின்கிறவர்களாகச் சித்திரிக்கிறது. தமிழ்ப் பேச்சிலும் மந்திரவாதி என்றால் மலையாளி என்ற பழைய ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேனி மலைகளில் பளியர்கள் இன்றும் வாழ்கிறார்கள். கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் அந்தப் பக்கம் இந்தப் பள்ளத்தாக்கின் வேலையும் சந்தையும் உறவும் இருக்கின்றன. மலையின் தாவரங்களை அறிந்த பளியர் முதியவள் ஒருத்தி அந்த நாவலில் ஆசிரியராக வரலாம், அவளுக்குப் பெயரும் வரலாறும் பாடம் மறுக்கும் உரிமையும் இருந்தால். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளை போர்டிங்கில் பக்கத்துப் பாயில் படுக்கலாம்.

முதல் நாவலுக்கான நாயகிக்கோ நாயகனுக்கோ 11 வயது இருப்பது நல்லது. ஆறாம் வகுப்பில் ஊர் மாறி, பள்ளி மாறி, எல்லாம் புதிதாக இருக்கும் வயது. அந்தப் பாகத்தைப் படித்த பிள்ளை அடுத்த ஜூனில் ஏழாம் வகுப்புக்குப் போய்விடும். இரண்டாவது பாகம் அதற்குள் அச்சாகி, ஊர் நூலகத்தின் அடுக்கில் இருக்க வேண்டும். பதிப்பகமும் நூலகத் துறையும் எழுத்தாளரும் முதல் பாகத்துக்கு ஒப்புக்கொள்ளும் நாளிலேயே அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.